சார்ஜ் எடுத்த முற்பகல்

அன்று வெடி வரவில்லை.

என் கைக்கடிகாரத்தில் பன்னிரண்டு தாண்டிவிட்டது. அரியலூர் அலுவலகத்தில் எல்லோரும் பேனாவை மூடி வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எங்கள் அலுவலக உதவியாளர் சின்னத்துரை வழக்கம்போல் தண்ணீர் டம்ளர்களை மேசை ஓரத்திலிருந்து நடுவுக்கு நகர்த்தி வைத்திருந்தார். ஊருக்கு வெளியே சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வெடி வைத்தால் முதலில் ஜன்னல் கண்ணாடி கிணுகிணுக்கும். பிறகு டம்ளர் நகரும். சத்தம் கடைசியாகத்தான் வந்து சேரும், அரசுக் கடிதங்களைப் போல.

வெடிக்குப் பதிலாகத் தொலைபேசி அடித்தது. பெரம்பலூர் அலுவலகத்து மேலாளர் கலியபெருமாள்.

"என்ன சார், அம்மா வந்து சார்ஜ் எடுத்தாச்சா?"

"இன்னும் வரலைங்க."

"மணி பன்னெண்டு தாண்டிடுச்சு. முற்பகல் முடியும்வரை சேரவில்லைன்னு ஒரு வரி எழுதி ஃபேக்ஸ்ல தட்டிவிட்டுடுங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்."

மற்ற எந்த வேலையிலும் அவர் இவ்வளவு சுறுசுறுப்பு காட்டி நான் கண்டதில்லை. நான் ஜன்னலைப் பார்த்தேன். டம்ளர்கள் வைத்த இடத்திலேயே இருந்தன.

"இங்க இன்னும் பன்னெண்டு ஆகலைங்க" என்றேன்.

"அரியலூருக்குன்னு தனியா மணி ஓடுதா?"

"ஓடுதுங்களே."

பேட்டரியா நீங்கள்?

அந்த மணி எப்படி ஓடியது என்பதைச் சொல்வதற்கு முன் ஒரு வாசகிக்குப் பதில் சொல்லியாக வேண்டும். போன வாரம் "பெரம்பலூரில் சார்ஜ் எடுத்தேன்" என்று நான் எழுதியதைப் படித்துவிட்டு, ஜெயங்கொண்டத்திலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை "நீங்கள் என்ன பேட்டரியா?" என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. அரசு ஊழியனுக்கும் பேட்டரிக்கும் ஒற்றுமை உண்டு. இரண்டுமே புதிதில் நன்றாக வேலை செய்யும்.

அரசாங்கத்தில் சார்ஜ் எடுப்பது என்றால் பதவிப் பொறுப்பை ஏற்பது. முந்தையவர் ஒப்படைக்க வேண்டும், அடுத்தவர் பெற்றுக்கொள்ள வேண்டும், இருவரும் கையெழுத்திட வேண்டும். கையெழுத்தின் பக்கத்தில் முற்பகல் அல்லது பிற்பகல் என்று எழுத வேண்டும். மணி எழுத வேண்டியதில்லை. இந்தக் கடைசி வாக்கியத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளவும்.

ஆள் இல்லாத நாற்காலிக்கு இன்னொருவரைப் பொறுப்பாக்குவார்கள். அதற்கு இன்சார்ஜ் என்று பெயர். திருச்சியிலிருந்து பெரம்பலூர் தனி மாவட்டமாகப் பிரிந்த புதிதில் நாற்காலிகள் வந்துவிட்டன, ஆட்கள் வரவில்லை. நான் ஒரே நேரத்தில் மூன்று நாற்காலிகளுக்கு இன்சார்ஜ். காலையில் ஒரு நாற்காலியிலிருந்து இன்னொன்றுக்கு விளக்கம் கேட்டு எழுதுவேன். மத்தியானம் விளக்கம் கொடுப்பேன். சாயந்தரம் மூன்றாவது நாற்காலியில் அமர்ந்து அந்த விளக்கம் திருப்தியாக இல்லை என்று குறிப்பேன்.

பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் பேட்டரிக் கடை வைத்திருந்தவரிடம் என் நண்பர் ஒருவர் என்னை "சார் மூணு சார்ஜ்ல இருக்காரு" என்று பெருமையாக அறிமுகம் செய்தார். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மூணு சார்ஜ் போட்டும் மூஞ்சியில வெளிச்சத்தைக் காணோமே" என்றார்.

ஒரே சாலையில் ஐந்து

இந்தச் சொல் எங்கள் பக்கத்தில் எத்தனை தொழிலுக்கு உழைத்தது என்பதற்கு ஒரு நாள் சம்பவம் போதும். மாவட்டத்தில் ஒரு கூட்டு ரோட்டில் பஸ் சார்ஜ் கூடிவிட்டது என்று மறியல் நடந்தது. மறியலைக் கலைக்க லத்தி சார்ஜ் என்றார்கள். உண்மையில் அடி வாங்கியது டீக்கடை பெஞ்சுதான். மறியல் செய்தவர்கள்மேல் சார்ஜ் ஷீட் போட்டார்கள். சம்பவ இடத்துக்கு நேரத்தில் போகாத ஓர் அதிகாரிக்கு சார்ஜ் மெமோ கொடுத்தார்கள். ஏன் போகவில்லை என்று கேட்டதற்கு அவர் எழுதிய பதில்: "வண்டி பேட்டரியில் சார்ஜ் இல்லை."

டீக்கடைக்காரர் மட்டும் தன் பெஞ்சுக்கு எதையும் சார்ஜ் செய்யவில்லை. பெரிய மனிதர்.

ஆனால் அரியலூரில் இந்தச் சொல்லை எல்லோரையும்விட மரியாதையாகப் பயன்படுத்துகிறவர்கள் சுரங்கத்துக்காரர்கள். பாறையில் குழி போட்டு வெடிமருந்து இறக்குவதை அவர்கள் சார்ஜ் பண்ணுவது என்பார்கள். எங்கள் அலுவலகத்தில் சார்ஜ் எடுத்த பிறகு பல மாதங்களுக்கு ஒன்றும் நடக்காது. அவர்கள் சார்ஜ் பண்ணினால் அன்றே ஏதாவது நடக்கும்.

சுவர்க் கடிகாரம் சொன்னால் கேட்க மாட்டோம்

அந்த வெடி தினமும் சரியாகப் பகல் பன்னிரண்டுக்கு வரும். எங்கள் சுவர்க் கடிகாரம் நினைத்தால் ஓடும், நினைத்தால் நிற்கும். எனக்கு முன்னால் இருந்த அதிகாரியின் காலத்தில் அரை நாள் விடுப்பு எடுத்த எழுத்தர் ஒருவர் பன்னிரண்டுக்கு முன் வந்தாரா, பின் வந்தாரா என்று பெரிய தகராறு. ஆளுக்கொரு கைக்கடிகாரம், ஆளுக்கொரு மணி. அதிகாரி சலித்துப்போய்த் தீர்ப்புச் சொன்னார்: "வெடிக்கு முன்னாடி வந்தா முற்பகல். பின்னாடி வந்தா பிற்பகல். போங்கய்யா."

அன்றிலிருந்து அதுதான் சட்டம். தாமதமாக ஓடி வருகிறவர் வாசலிலேயே "வெடிச்சிருச்சா?" என்று கேட்டுக்கொண்டுதான் நுழைவார். நான் பொறுப்பேற்றதும் இது முறைதானா என்று விதிப் புத்தகங்களைப் புரட்டினேன். முற்பகல் எந்தக் கடிகாரப்படி முடிகிறது என்று ஒரு புத்தகமும் சொல்லவில்லை. விதி மௌனமாக இருக்கும் இடத்தில் வழக்கம் பேசலாம். பேச விட்டேன்.

ஒரு அலுவலகத்தின் கடைசி நாள்

அரியலூர் ஒருமுறை தனி மாவட்டமாகி, அதிக காலம் நீடிக்காமல் மறுபடி பெரம்பலூரோடு சேர்க்கப்பட்டது இந்தப் பக்கத்து ஆட்களுக்கு நினைவிருக்கும். பெயர்ப்பலகை எழுதியவருக்குத்தான் இரண்டு பக்கமும் லாபம்.

எங்கள் துறையில் வந்த உத்தரவு இதுதான். அரியலூர் அலுவலகம் இன்ன நாள் பிற்பகல் முதல் மூடப்படும். அன்று முற்பகல்வரை இங்கே பதவியில் சேர்ந்திருப்பவர்கள் அதே பதவியோடு பெரம்பலூருக்குப் போவார்கள். பதவி உயர்வு ஆணை கையில் இருந்தும் சேராதவர்களின் ஆணை தானாகவே ரத்தாகிவிடும்.

அப்படிச் சேர வேண்டியிருந்தது ஒரே ஒருவர். ஜைத்தூன் பீவி.

லப்பைக்குடிக்காட்டுக்காரர். கணவர் துபாயில். தட்டச்சராக வேலைக்கு வந்து, பரீட்சை எழுதி எழுதி உதவியாளராகி, கலியபெருமாளின் கீழ் பெரம்பலூரில் பல வருடம் இருந்தவர். விதிகளை வைத்து என்னோடு சரிக்குச் சரி சண்டை போடக்கூடிய ஒரே ஆள். நான் புத்தகத்தைத் திறப்பதற்குள் அவர் பக்க எண்ணைச் சொல்லிவிடுவார். அது எனக்கு எரிச்சலாகவும் இருக்கும், சந்தோஷமாகவும் இருக்கும். அரியலூரின் வெடிக் கணக்கை நான் சொன்னபோது, அதை மறுக்க ஒரு விதியும் இல்லை என்று ஒத்துக்கொண்டவரும் அவர்தான்.

பல வருடக் காத்திருப்புக்குப் பிறகு அவருக்குக் கண்காணிப்பாளர் பதவி வந்தது, அரியலூரில். இதை விட்டால் அடுத்த பட்டியல் எப்போது என்று யாருக்கும் தெரியாது. அன்று அவர் சேர்ந்துவிட்டால், மறுநாளே கண்காணிப்பாளராகப் பெரம்பலூருக்குத் திரும்பி, கலியபெருமாளுக்கு எதிர் மேசையில் சமமாக உட்காருவார். சேராவிட்டால் பழைய உதவியாளராகவே அவருக்குக் கீழ் உட்காருவார். கலியபெருமாளின் சுறுசுறுப்புக்குக் காரணம் இதுதான்.

ஜைத்தூன் பீவியைப் பெரம்பலூர்ப் பணியிலிருந்து விடுவிக்கும் உத்தரவில் கலியபெருமாள் கையெழுத்துப் போட்டது முந்தின நாள் மாலை, அலுவலகம் பூட்டும் நேரத்தில். தவறு சொல்ல முடியாது. பிற்பகல் என்பது பூட்டும்வரை பிற்பகல்தானே.

சிவப்புக் கொடி

மறுநாள் காலை ஜைத்தூன் பீவி ஏறிய பஸ் குன்னம் தாண்டி நின்றுவிட்டது. அடுத்த பஸ்ஸுக்கு வெகுநேரம் காத்திருந்து ஏறினால், அரியலூரை நெருங்கும்போது நடுரோட்டில் சிவப்புக் கொடியோடு ஒருவர். சுரங்கத்தில் வெடி வைக்கப் போகிறார்கள், அதனால் அந்த வழியில் போக்குவரத்து நிறுத்தம். கணவர் அனுப்பிய கைபேசி ஒன்று கைப்பையில் இருந்தது. அதில், சொல்லவே வேண்டாம், சார்ஜ் இல்லை. அந்தக் காலத்தில் இருந்திருந்தாலும் அங்கே சிக்னல் கிடைத்திருக்காது.

அதன் பிறகு நடந்ததை அவரே என்னிடம் சொன்னார். சுரங்கத்து ஆள் பின்னால் சொன்னதும் இதோடு ஒத்துப்போனது.

இறங்கிப் போய்க் கொடிக்காரரிடம் கேட்டிருக்கிறார்.

"எப்ப தம்பி விடுவீங்க?"

"வெடிச்சப்புறம்மா. பன்னெண்டுக்கு வெடி. புகை அடங்கணும், உள்ள போயிப் பாக்கணும். அப்புறந்தான் பஸ்ஸு."

"நான் பன்னெண்டுக்குள்ள ஆபீஸ்ல சார்ஜ் எடுக்கணும்."

"இங்க குழியெல்லாம் சார்ஜ் பண்ணியாச்சும்மா."

"என் சார்ஜ் வேற தம்பி. எடுக்கலைன்னா போயிடும்."

"இதுவும் அப்படித்தான். எடுக்கலைன்னா போயிடும். ஆளோட போயிடும்."

பஸ் கண்டக்டர் படியில் நின்றபடி சேர்ந்துகொண்டார். "ஏம்மா, கவருமெண்டு ஆளுங்க பன்னெண்டுக்கு ஆபீஸ் போறதே பெருசு. இதுல அவசரம் வேறயா?"

பஸ்ஸே சிரித்திருக்கிறது. ஜைத்தூன் பீவி சிரிக்கவில்லை. கொடிக்காரரிடம் இன்னொரு கேள்வி கேட்டார்.

"உள்ள ஆள் நடமாட்டம் இருந்தா வெடிப்பீங்களா?"

"அதெப்படிம்மா? ஆடு மாடு நின்னாலே வெடிக்கக் கூடாது. ஆளை வெளியேத்திட்டு, சங்கை மொதல்லேருந்து ஊதி, திரும்பச் சுத்திப் பாத்துட்டுத்தான் வெடிக்கணும். ரூல்ஸ் இருக்குல்ல."

"ரூல்ஸ் இருக்குல்ல" என்று அவரும் சொல்லிவிட்டு, கைப்பையை இடுக்கிக்கொண்டு, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, கொடியைத் தாண்டி நடக்க ஆரம்பித்தார்.

"யம்மா! யம்மோவ்! நில்லுங்க! செத்துத் தொலைஞ்சா யாரு பதில் சொல்றது?"

"மௌத்து அல்லா கையில இருக்கு தம்பி! முற்பகல்தான் உங்க கையில இருக்கு!"

கொடிக்காரர் விசில் அடித்தார். எங்கோ ஒரு விசில் பதில் சொன்னது. வெடி வைப்பதற்குப் பொறுப்பான ஆரோக்கியசாமி என்பவர் ஜீப்பில் புழுதி பறக்க வந்து குறுக்கே நிறுத்தினார்.

"என்னம்மா வெளையாட்டு இது? ஏறுங்க. பஸ்ஸுலயே கொண்டு விட்டுடறேன்."

"விட்டீங்கன்னா மறுபடி நடப்பேன்."

ஆரோக்கியசாமி அவர் முகத்தைப் பார்த்திருக்கிறார். நடப்பார் என்று தெரிந்திருக்கிறது.

"சரி, அந்தப் பக்கம் எல்லையில எறக்கி விடுறேன்."

"அங்கேருந்து நடந்தா ஒரு மணி ஆயிடும். ஆபீஸ்லயே எறக்கிடுங்க."

"போற வழியில மார்க்கெட்டு எதுவும் போகணுமா?"

"இன்னைக்கு வேணாம்" என்றாராம் ஜைத்தூன் பீவி.

வெடிக்கு முன் சுற்றிப் பார்க்க இருந்தது அந்த ஒரு ஜீப்தான். அது டவுனுக்குள் போய்த் திரும்பும்வரை அரியலூரின் பகல் பன்னிரண்டு மணி சுரங்கத்தில் காத்துக்கொண்டிருந்தது.

உயிரோடு விளையாடலாமா என்று பின்னால் நான் கேட்டேன். "விளையாடலைங்க சார். ஆள் இருந்தா வெடிக்கக் கூடாதுன்னு அவங்க ரூல்ஸ். ரூல்ஸை நம்பி நடந்தேன். நம்ம ஆபீஸ் ரூல்ஸா இருந்தா நடந்திருக்க மாட்டேன்" என்றார்.

டீ ஆறியது

வாசலில் ஜீப் வந்து நின்றபோது, இறங்கியது யார் என்று எங்களுக்கு உடனே தெரியவில்லை. முக்காடு, புருவம், கைப்பை எல்லாம் சுண்ணாம்புத் தூசியில் வெளுத்திருந்தன.

"சார், வெடிச்சிருச்சா?"

"அதை உங்களைத்தான் கேக்கணும்போல இருக்கு" என்றேன். ஜீப் அதற்குள் திரும்பிப் பறந்துவிட்டது.

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. நின்றபடியே கையெழுத்துப் போட்டார். முற்பகல் என்று எழுதும்போது மட்டும் ஒருமுறை ஜன்னலைப் பார்த்தார். நான் மேலொப்பம் இட்டேன். அதன் பிறகுதான் நாற்காலியில் விழுந்தார்.

சின்னத்துரை டீ வாங்கி வந்தார். ஜைத்தூன் பீவி முக்காட்டுத் தூசியைத் தட்டிக்கொண்டிருந்ததால் டம்ளர் மேசையிலேயே இருந்தது. டீயில் ஆடை படிந்தது. என் உத்தியோக வாழ்வில் அவ்வளவு நீளமான முற்பகலை நான் பார்த்ததில்லை.

நானே பெரம்பலூருக்குத் தொலைபேசி போட்டேன்.

"சேர்ந்துட்டாங்க."

"எப்ப?"

"முற்பகல்."

"என்ன சார் பேசறீங்க? மணி பன்னெண்டரை தாண்டிடுச்சு! நான் இதை எழுத்துல கேப்பேன். எந்தக் கணக்குல முற்பகல்? யாரு ஒத்துக்குவா? தணிக்கைக்கு வந்தா நீங்க என்ன பதில்…"

ஜன்னல் கிணுகிணுத்தது. டம்ளர் நகர்ந்தது, ஆடை படிந்த டீ விளிம்பில் ததும்பியது. பிறகு சத்தம் வந்தது. அன்று நிறைய மருந்து போட்டிருப்பார்கள் போல. சுவரில் இருந்த பழைய காலண்டர் கழன்று விழுந்தது.

"என்ன சார் அது சத்தம்?" என்றார் கலியபெருமாள்.

"பன்னெண்டு மணிங்க" என்றேன்.

பெற்றுக்கொண்டவர்

பிற்பகல் கலியபெருமாளே நேரில் வந்தார். அலுவலகத்தை மூடி, சாமான்களைப் பெரம்பலூருக்குக் கொண்டுபோக ஒரு லாரியும் கூட வந்தது. சாமான்கள் கண்காணிப்பாளரின் பொறுப்பு. ஆகவே ஒப்படைக்க வேண்டியவர் ஜைத்தூன் பீவி. முகம் கழுவியிருந்தார், ஆனாலும் காதோரம் சுண்ணாம்பு மிச்சம் இருந்தது.

"எத்தனை மணிக்குச் சேர்ந்தீங்கம்மா?" என்று சாவதானமாகக் கேட்டார் கலியபெருமாள்.

"முற்பகல்ங்க சார்."

"மணி கேட்டேன்."

"மணி எழுதணும்னு இல்லைங்களே சார். எந்த விதியிலன்னு சொன்னீங்கன்னா எழுதிடறேன்."

கலியபெருமாள் என்னைப் பார்த்தார். நான் கழன்று விழுந்த காலண்டரை மாட்ட ஆணி தேடிக்கொண்டிருந்தேன். மூடப்போகிற அலுவலகத்தில் ஆணி அடிப்பது அவசியமா என்று அவர் கேட்கவில்லை.

அவர் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, சாமான்களை வாங்காமல் திரும்புவது. அப்படிப் போனால் அலுவலகத்தை மூடும் உத்தரவை நிறைவேற்றாதவர் ஆகிவிடுவார். அதற்கு சார்ஜ் மெமோ வரும். மற்றொன்று, ஜைத்தூன் பீவியிடமிருந்து வாங்குவது. கண்காணிப்பாளரிடமிருந்து மட்டுமே வாங்க முடியும் என்பதால், வாங்கினால் அவர் கண்காணிப்பாளர்தான் என்று கலியபெருமாளே ஒத்துக்கொண்டதாகும்.

வெளியே லாரிக்காரர் ஹாரன் அடித்தார்.

கலியபெருமாள் பேனாவை எடுத்தார். ஒப்படைத்தவர் என்ற இடத்தில் ஜைத்தூன் பீவி, கண்காணிப்பாளர் என்று ஏற்கனவே அழகான கையெழுத்தில் இருந்தது. பெற்றுக்கொண்டவர் என்ற இடத்தில் அவர் தன் பெயரை எழுதினார். அந்தக் கையெழுத்தோடு எல்லாக் கேள்வியும் முடிந்துபோனது. தணிக்கைக்காரர் பின்னால் வந்தார், பார்த்தார், மேலாளரே ஏற்றுக்கொண்டிருக்கிறாரே என்று போய்விட்டார்.

"கடிகாரத்தையும் ஏத்தணுமா சார்?" என்று சின்னத்துரை கேட்டார்.

"அது எதுக்கு?" என்றார் கலியபெருமாள். அன்று அவர் சொன்னதில் நான் முழுதாக ஒத்துக்கொண்டது இது ஒன்றுதான்.

மறுபடியும் பலகை

சில வருடங்கள் கழித்து அரியலூர் மறுபடி தனி மாவட்டமானது. பெயர்ப்பலகைக்காரருக்கு மறுபடியும் வேலை. நான் ஓய்வு பெற்றுப் பெரம்பலூரில் வீட்டு வரிக்காக நகராட்சியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். புதிதாகத் திறக்கும் எங்கள் துறை அலுவலகத்துக்குத் தலைமைப் பொறுப்பேற்க இன்னும் ஒரு படி உயர்ந்து வருகிறவர் ஜைத்தூன் பீவி என்று தகவல் வந்தது. கூடவே அழைப்பும். பஸ் ஏறினேன். சார்ஜ் ஏறியிருந்தது.

அலுவலகத்துக்குள் நுழையும்போது பதினொன்று இருக்கும்.

"எடுத்தாச்சா?" என்றேன்.

"கதவு தொறந்த உடனே போட்டாச்சுங்க சார். நேத்து சாயந்தரமே வந்து சொந்தக்காரங்க வூட்ல தங்கிட்டேன். பஸ்ஸையும் நம்பல, ஆரோக்கியசாமி அண்ணனையும் நம்பல."

மாற்றலாகி மறுபடி அரியலூருக்கே வந்திருந்த சின்னத்துரை டீ கொண்டுவந்தார். பேசிக்கொண்டே இருந்ததில் நேரம் போனது தெரியவில்லை. என் கைக்கடிகாரத்தில் பன்னிரண்டு நெருங்கியதும் நான் என்னையறியாமல் டம்ளரை நடுமேசைக்கு நகர்த்தினேன். பார்த்தால், அந்தப் பக்கம் சின்னத்துரையும் நகர்த்திக்கொண்டிருந்தார். இருவரும் காத்திருந்தோம். கண்ணாடி அசையவில்லை.

"வெடி இப்ப நாலு மணிக்குங்க சார். நேரத்தை மாத்திட்டாங்க" என்றார் ஜைத்தூன் பீவி.

சின்னத்துரை தலையைச் சொறிந்தார். "அப்ப மேடம், அரை நாள் லீவுக்கு நம்ம ஆபீஸ்ல எதை வச்சுக் கணக்கு?"

ஜைத்தூன் பீவி என்னைப் பார்த்தார். எந்த விதியும் வேறு மாதிரிச் சொல்லவில்லை என்பது எங்கள் இருவருக்குமே தெரியும்.

"எப்பவும்போல வெடியை வச்சுத்தான்" என்றார்.

ஆக, அந்த அலுவலகத்தில் இப்போது முற்பகல் மாலை நான்கு மணிவரை. இனி அங்கே யாரும் தாமதமாகச் சார்ஜ் எடுக்கவே முடியாது.